குடும்ப ஏடுகளும் கணினிக் கோப்புகளும்



தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள், பாலக்காட்டையோ மூணாற்றையோ பூர்விகமாகக் கூறிக்கொள்வன பல. பாட்டனார் பெயரை அறிந்த நாம், அவருடைய பாட்டனார் பெயரை அறியோம். அதனைக் கூறும் பத்திரமோ, ஊரில் ஏதோ ஒரு தகரப்பெட்டியில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். அதனைக் கைப்பேசியில் படமெடுத்துவிட்டால் மட்டும் போதாது. தேடும்போது கிடைக்குமாறு அடுக்கி வைத்தலும் வேண்டும்.

முதற்கண், எல்லைகள் மாறிய வரலாற்றை நினைவிற்கொள்ளல் நன்று. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சித்தூரோ கொச்சி அரசில் அடங்கியிருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. இடுக்கி மாவட்டம் தோன்றியதே 1972-இல்தான். ஆகவே, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரே குடும்பத்தின் ஏடுகள் இரண்டு மூன்று அரசுகளின் அலுவலகங்களில் சிதறிக் கிடத்தல் கூடும். மலபார் ஆவணங்களைச் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் கோழிக்கோட்டிலும் தேடலாம்.

அடுத்தது ஆண்டுக்கணக்கு. திருவிதாங்கூர் ஏடுகள் கொல்லம் ஆண்டைக் குறிப்பன. அதனோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடு வரையில் 824-ஐக் கூட்டவேண்டும். மூணாற்றின் சிறு இருப்புப்பாதையை அழித்த 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. 'ரக்தாட்சி' என்று மட்டும் எழுதியிருப்பின் அது 1864 ஆகவும் இருக்கலாம்; 1924 ஆகவும் இருக்கலாம்.

எனவே கோப்பின் பெயரில் ஆங்கில ஆண்டு, மாதம், தேதி முதலில் வரட்டும். பின்னர் ஊர், ஆள், ஆவண வகை. 'படம் 1', 'படம் 2' என்னும் பெயர்கள் பத்தாண்டு கழித்து யாருக்கும் உதவா. ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு கோப்புறை அமைத்தல் எளிது. ஏட்டில் உள்ள பெயரைத் திருத்தாமல் உள்ளபடியே எழுதி, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அப்பெயர் மாறி வரும் வடிவங்களைத் தனிப் பட்டியலாக வைக்கவேண்டும். புகைப்படத்தின் பின்புற எழுத்தையும் படமெடுத்தல் தேவை. தமிழ்க் குறிப்புகளை யூனிகோடிலேயே எழுதுக. பழைய எழுத்துருக்களில் எழுதியவை புதிய கணினிகளில் வெறுங்கிறுக்கலாகத் தெரிகின்றன.

இவையெல்லாம் பொழுதுபோக்கு என்று எண்ணலாகாது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், 1950-க்கு முன்பே கேரளப் பகுதியில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டியுள்ளது. தாத்தாவின் பெயருள்ள தோட்டத்துப் பழைய பேரேட்டின் ஒரு பக்கம், பேரப்பிள்ளையின் படிப்பையே நிர்ணயிக்கக்கூடும். 2020 ஆகஸ்டு 6 இரவு, பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி எழுபது உயிர்களைக் கவர்ந்தது. அத்தகைய பேரிடரில், வீட்டிலிருக்கும் ஒற்றைப் பிரதி வீட்டோடு போய்விடும்.

ஆதலால் மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று கணினியில், மற்றொன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேற்றூரில் வாழும் உறவினரிடத்தில். மூல ஏட்டையும் எறிந்துவிடலாகாது. உலர்ந்த இடத்தில் காப்பாற்றுதல் வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டிலுள்ள முதியவரிடம் படங்களில் உள்ளோர் யார் யாரெனக் கேட்டு, அவர் குரலிலேயே பதிவுசெய்து வருவோமாக. ஏடுகள் இன்னும் சில காலம் காத்திருக்கலாம். அவற்றை விளக்கவல்லவர் காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.