காத்து இறங்கின பந்து, இறங்காத சண்டை

இந்த எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. போன மாசம் ஆபீஸ் கால்ல ஒரு கணக்கு போட்டு, ஒரு மனுஷனை ஏமாத்துக்காரர்னு தீர்ப்பு சொல்லிட்டேன். கணக்கு தப்பு. அதுவும் ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்லயே சொல்லிக் கொடுத்துடுற விஷயத்துல தப்பு. இன்ஜினியரிங் டிகிரி வேற வச்சிருக்கேன்.

நடந்தது இதுதான். எங்க டீம்ல ரெண்டு அமெரிக்கர்கள். ஒருத்தங்க பாஸ்டன் பக்கம் வளர்ந்தவங்க, என்னைவிட ரொம்ப சீனியர். இன்னொருத்தர் இண்டியானாபொலிஸ்காரர். மேனேஜர் வர லேட்டாச்சு. சும்மா பேசிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு சண்டையில இறங்கிட்டாங்க. விஷயம் என்னன்னா, 2015ல நடந்த ஒரு மேட்ச்ல பந்துல காத்து கம்மியா இருந்துச்சா இல்லையா. ஆமா, காத்து. பத்து வருஷத்துக்கு முன்னாடி போன காத்துக்கு இன்னிக்கும் ரெண்டு பேர் குரலை உயர்த்துறாங்க.

இதுக்குப் பேர் டிஃப்ளேட்கேட். கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன்.

2015 ஜனவரி 18. மாசச்சூசெட்ஸில் ஃபாக்ஸ்பரோ என்கிற ஊர். என்எஃப்எல், அதாவது அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக். நம்ம ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டு மோதிக்கிற அந்த ஃபுட்பால். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரெண்டு டீமுக்கும் இடையே மேட்ச். ஜெயிக்கிறவர்களுக்கு சூப்பர் பௌல் இடம். பேட்ரியட்ஸ் 45-7 என்று ஜெயித்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற முக்கிய ஆள், டாம் ப்ரேடி.

இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் இருக்கு. ரெண்டு டீமும் ஒரே பந்தில் ஆடுவதில்லை. தாக்கி ஆடும்போது அவரவர் கொண்டுவந்த பந்து. 2006ல் இப்படி விதி மாறுவதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ப்ரேடியும் ஒருத்தர். அந்தப் பந்துகளை மேட்சுக்கு முன் ரெஃப்ரீ சோதிப்பார். காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐக்குள் இருக்கணும். அதுக்குக் கீழே இறங்கினா பந்து கொஞ்சம் மெத்துனு ஆகும், மழையிலயும் குளிர்லயும் பிடி நல்லா கிடைக்கும். அன்னிக்கு குளிர், மழை ரெண்டுமே இருந்துச்சு.

முதல் பாதியில் ப்ரேடி எறிந்த ஒரு பந்தை கோல்ட்ஸ் ஆட்டக்காரர் இடைமறித்துப் பிடித்தார். பந்துல காத்து கம்மினு கோல்ட்ஸ் தரப்பு சொன்னாங்க. இடைவேளையில் அதிகாரிகள் பேட்ரியட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். பதினொன்றும் 12.5க்குக் கீழே. கோல்ட்ஸ் பந்துகளில் நாலைத்தான் அளக்க முடிந்தது, நேரம் முடிந்துவிட்டது. பேட்ரியட்ஸ் பந்துகளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார்கள். இடைவேளையில் ஸ்கோர் 17-7. சரியான காற்று இருந்த இரண்டாம் பாதியில் பேட்ரியட்ஸ் இன்னும் 28 பாயிண்ட் எடுத்தது. எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, என் கணக்குக்கு வர்றேன். அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே நான் நோட்பேடைத் திறந்தேன். ரூம்ல ஏறக்குறைய 21.7 டிகிரி செல்சியஸ், மைதானத்துல 8.9 டிகிரி. கெல்வினுக்கு மாத்தினா 294.8ல இருந்து 282. கொள்ளளவு மாறாம வெப்பநிலை குறைஞ்சா அழுத்தமும் அதே விகிதத்துல குறையும். 12.5ஐ 0.957ஆல பெருக்கினேன். 11.96 வந்துச்சு. அளந்த பந்துகள்ல பெரும்பாலானது 11 சொச்சம், சிலது அதுக்கும் கீழே. அப்போ குளிரால இவ்ளோ இறங்காது, எவனோ கை வச்சிருக்கான். மைக்கை ஆன் பண்ணி, "கணக்கு போட்டாச்சு, ப்ரேடி ஏமாத்தியிருக்கார்"னு சொல்லிட்டேன்.

இண்டியானாபொலிஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். பாஸ்டன் மேடம் கோவப்படல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "14.7ஐ கூட்டினீங்களா?"

கூட்டல.

பந்துல ஊசி குத்தி அளக்கிற கருவி காட்டுறது, வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல எவ்வளவு இருக்குங்கிறதை மட்டும்தான். சூத்திரத்துக்குத் தேவை மொத்த அழுத்தம். 12.5ஓட வளிமண்டல அழுத்தம் 14.7ஐ கூட்டினா 27.2. அதை அதே விகிதத்தால பெருக்கினா 26.02. திரும்ப 14.7ஐ கழிச்சா 11.32. அதாவது யாரும் தொடாமலே, வெறும் குளிராலயே பந்து 11.32க்கு வந்துடும். ஒரே சூத்திரம்தான். கூட்ட மறந்தா ப்ரேடி குற்றவாளி. கூட்டினா கேஸே வேற.

எனக்கு உறுத்தினது கணக்கு தப்பானது இல்ல. பதில் வந்ததும் நான் ஏன் திரும்பிச் சரிபார்க்கலைங்கிறதுதான். ஆபீஸ்ல ரெண்டு வரி கோடு எழுதினா ரெண்டு பேர்கிட்ட ரிவ்யூவுக்கு அனுப்புற ஆள் நான். இங்க அனுப்பல. ஏன்னா அந்த பதில் எனக்குப் பிடிச்சிருந்தது. எப்பவும் ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற டீம்னாலே எனக்கு ஒரு கடுப்பு. இதுல பேட்ரியட்ஸ் 2007லயே ஒரு தடவை மாட்டினவங்க. ஜெட்ஸ் டீமோட பயிற்சியாளர்கள் காட்டுற சைகைகளை வீடியோ எடுத்து, கோச் பில் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், டீமுக்கு 2.5 லட்சம் டாலர். ஒரு தடவை பண்ணவன் மறுபடி பண்ணமாட்டானாங்கிற எண்ணம் எனக்குள்ள முதல்லயே உட்கார்ந்துடுச்சு. நோட்பேடு அதுக்கப்புறம்தான் திறந்துச்சு.

அந்த வார இறுதியில் இந்த விவகாரத்தை முழுசா உட்கார்ந்து படிச்சேன். அப்போதான் தெரிஞ்சது, நான் அரை மணி நேரத்தில் பண்ணின அதே தப்பை ஒரு லீக்கும் மீடியாவும் கோடிக்கணக்கான ரசிகர்களும் ரெண்டு வருஷம் பெரிய அளவில் பண்ணியிருக்காங்க.

முதல்ல மீடியா. மேட்ச் முடிந்த ரெண்டு நாளில் இஎஸ்பிஎன் ஒரு செய்தி வெளியிட்டது. 12ல் 11 பந்துகள் தலா 2 பிஎஸ்ஐ குறைவு என்று. உண்மையான அளவுகள் மே மாசம்தான் வெளியே வந்தது. அதன்படி 2 பிஎஸ்ஐ குறைந்தது ஒரே ஒரு பந்து, அதுவும் ஒரே ஒரு கருவியில். ஆனா ஜனவரியிலிருந்து மே வரைக்கும் நாலு மாசம். அதுக்குள்ள யாரு எந்தப் பக்கம்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க.

அடுத்தது கருவி. இங்கதான் எனக்குத் தலை சுத்திடுச்சு. ரெஃப்ரீ வால்ட் ஆண்டர்சனிடம் அன்று ரெண்டு கேஜ் இருந்தது. ஒன்றில் லோகோ இருக்கும், இன்னொன்றில் இருக்காது. லோகோ கேஜ் எப்போதும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 பிஎஸ்ஐ வரை கூட்டிக் காட்டும். இடைவேளையில் பந்துகளை ரெண்டிலும் அளந்தார்கள். பேட்ரியட்ஸ் பந்துகளின் சராசரி லோகோ கேஜில் 11.49, மற்றதில் 11.11.

லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் தந்த அறிக்கை 243 பக்கம். அதற்காக எக்ஸ்போனென்ட் நிறுவனம் செய்த அறிவியல் ஆய்வு, இயற்கையாக இறங்கினால் பந்து 11.32 முதல் 11.52க்குள் இருக்கணும் என்றது. இப்போ பாருங்க. மேட்சுக்கு முன்னாடி லோகோ கேஜால அளந்திருந்தா 11.49 கச்சிதமா உள்ள வருது, குற்றமே இல்ல. இன்னொரு கேஜால அளந்திருந்தா 11.11, கொஞ்சம் கீழே போகுது, சந்தேகம் வருது. மொத்த வழக்கும் அந்த 0.2 பிஎஸ்ஐ சொச்சத்துல தொங்குது.

அப்போ மேட்சுக்கு முன்னாடி எந்த கேஜ்? எழுதி வைக்கல. பந்துகள் என்ன அளவு காட்டுச்சு? அதையும் எழுதி வைக்கல. ஞாபகத்துல இருந்துதான் சொன்னாங்க. பேட்ரியட்ஸ் பந்துல காத்து கம்மியா இருக்கலாம்னு கோல்ட்ஸ் மேட்சுக்கு முந்தின நாளே லீக்கை எச்சரிச்சிருந்தாங்க. அப்படியும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

தன் ஞாபகப்படி லோகோ கேஜைத்தான் பயன்படுத்தினதா ஆண்டர்சன் சொன்னார். அறிக்கை, இல்ல, மற்றதாகத்தான் இருந்திருக்கும்னு முடிவு பண்ணுச்சு. அதுக்குக் காரணமும் கொடுத்தாங்க. ரெண்டு டீமும் தங்கள் கேஜில் வைத்ததாகச் சொன்ன அளவும் ரெஃப்ரீக்கு ஞாபகம் இருந்த அளவும் ஒத்துப்போச்சு. லோகோ கேஜ்னா கூடுதலா காட்டியிருக்கணும். அந்த வாதத்துல அர்த்தம் இல்லாம இல்ல. ஆனா அது யூகம்தான், பதிவு இல்ல.

பேட்ரியட்ஸ் பக்கமும் சுத்தம்னு சொல்லிட முடியாது. அதையும் சொல்லியே ஆகணும். பந்துகளை மைதானத்துக்குக் கொண்டுபோன ஊழியர், சோதனை முடிந்தபிறகு பந்துப் பையோட பாத்ரூமுக்குள்ள போய் 1 நிமிஷம் 40 விநாடி இருந்திருக்கார். அதே ஆள் 2014 மே மாசம் அனுப்பின ஒரு மெசேஜ்ல தன்னை 'காத்தை இறக்குறவன்'ங்கிற அர்த்தத்துல சொல்லியிருக்கார். அது உடம்பு எடையைக் குறைக்கிறதைப் பத்தினதுன்னு டீம் தரப்பு விளக்கம் கொடுத்தப்போ ஊரே சிரிச்சுது. ப்ரேடியோ தன் பழைய போனை அழிச்சுட்டார். போன் மாத்தும்போது அப்படிப் பண்றது தன் வழக்கம்னார். இதையெல்லாம் படிச்சா யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வருது.

அறிக்கையின் முடிவு என்ன தெரியுமா? ஊழியர்கள் வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம், ப்ரேடிக்குக் குறைந்தபட்சம் பொதுவாகவாவது அது தெரிந்திருக்கும் என்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்த 'வாய்ப்பு அதிகம்'ங்கிற வார்த்தைக்கு விலை: ப்ரேடிக்கு 4 மேட்ச் தடை, டீமுக்கு 10 லட்சம் டாலர் அபராதம், ரெண்டு டிராஃப்ட் வாய்ப்புகள் பறிப்பு. மேல்முறையீட்டை விசாரித்தவர் லீக் கமிஷனர் ராஜர் குடெல். தடையும் அவர் தலைமையிலான லீக் கொடுத்ததுதான்.

பிறகு கோர்ட். 2015 செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் மீண்டும் கொண்டுவந்தது. இங்கதான் ரசிகர்கள் எல்லாரும் கோட்டை விட்டாங்க. கோர்ட்டே சொல்லிடுச்சு, ப்ரேடி திருடன்னு ஒரு கூட்டம் கத்துச்சு. கோர்ட் அப்படிச் சொல்லவே இல்ல. ஆட்டக்காரர் சங்கத்தோட போட்ட ஒப்பந்தப்படி கமிஷனருக்கு இந்த அதிகாரம் இருக்கானுதான் பார்த்துச்சு. பந்துல காத்து எப்படி இறங்குச்சுங்கிறது கோர்ட்டோட கேள்வியே இல்ல.

ப்ரேடி 2016ல் 4 மேட்ச் வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்த அதே சீசனில், 2017 பிப்ரவரி 5 சூப்பர் பௌலில், 3-28 என்று பின்தங்கியிருந்து 34-28 என்று ஜெயித்தார்கள். கோப்பையைக் கொடுக்க வந்த குடெலைப் பார்த்து மைதானமே கூச்சல் போட்டுச்சு. நியூ இங்கிலாந்து ரசிகர்களுக்கு அது நீதி. மத்தவங்களுக்கு, ஏமாத்தினவன் மறுபடி ஜெயிச்சுட்டான். ஒரே இரவு, ஒரே ஸ்கோர்போர்டு, ரெண்டு ஊருக்கு ரெண்டு கதை.

இதை முடிச்சு வைக்க ஒரு வழி இருந்துச்சு. 2015 சீசனில் லீக் சில மேட்சுகளில் இடைவேளையில் பந்துகளை அளந்து பதிவு பண்ணாங்க. குளிர்ல சாதாரணமா எவ்வளவு இறங்கும்னு அந்த எண்களே சொல்லியிருக்கும். ஆனா அதை வெளியிடவே இல்ல. லாக் இருந்தும் காட்டலைன்னா, நம்ம தொழில்ல அதை என்னனு நினைப்போம்? நீங்களே யோசிச்சுக்கோங்க.

எனக்குப் புரிஞ்சது இவ்ளோதான். ஆரம்ப அளவு இல்லாத இடத்துல அறிவியல் உதவிக்கு வராது. யார் கேட்டாலும் அவங்களுக்குப் பிடிச்ச பதிலைக் கொடுத்துட்டுப் போயிடும். பாஸ்டன்காரங்க லோகோ கேஜை எடுத்துக்குவாங்க, இண்டியானாபொலிஸ்காரங்க இன்னொரு கேஜை எடுத்துக்குவாங்க. ரெண்டு பேர் கணக்கும் சரியாத்தான் வரும். 'எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை'ங்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்ல லீக்குக்கும் மனசு வரல, ரசிகர்களுக்கும் வரல. அன்னிக்கு எனக்கும் வரல.

அடுத்த வாரம் கால்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன். "மேடம், உங்க கணக்குதான் சரி"ன்னேன். கூடவே வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "உண்மையிலேயே அவர் ஒண்ணும் பண்ணலைன்னு நம்புறீங்களா?"ன்னும் கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "தெரியல. அன்னிக்கு யாராவது ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்தா, பண்ணியிருந்தார்னாகூட நான் ஏத்துக்கிட்டிருப்பேன்"னு சொன்னாங்க.

இண்டியானாபொலிஸ்காரர் மைக்கை ஆன் பண்ணினார். ஏதோ சொல்ல வந்தார். அதுக்குள்ள மேனேஜர் வந்துட்டார்.

நீங்க கடைசியா ஒரு கணக்கைத் திரும்பிச் சரிபார்க்காம விட்டது எப்போ? அதோட விடை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.