தொலைவழி வகுப்பும் சின்னஞ்சிறு பிள்ளைகளும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியாண்டின் இறுதியில் சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே வகுப்பு நடத்த நேர்ந்தால் அதனை எவ்வாறு நடத்துவது, அதில் பெற்றோர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உள்ள பங்கு யாது என்பது குறித்து உங்களுடன் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

"பெருந்தொற்றுக் காலம்தான் கடந்துவிட்டதே, இனி அந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். 2024 பிப்ரவரி 13 அன்று கடும் பனிப்பொழிவின் காரணமாக நியூயார்க் நகரப் பள்ளிகள் விடுமுறை விடாமல் தொலைவழி வகுப்பு நடத்தின. அன்று காலை பலரால் இணைய வகுப்பிற்குள் நுழையவே இயலவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காற்று மாசு மிகுந்தபோது, தில்லியில் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வகுப்புகள் இணையவழிக்கு மாற்றப்பட்டன. நம் கடலோர மாவட்டங்களில் புயலும் மழையும் புதியவை அல்ல. ஆகவே, பள்ளியின் கதவு மூடப்பட்டு, வீடே வகுப்பறையாகும் நாள் மீண்டும் வராது என்று எவராலும் உறுதி கூற முடியாது. அந்த நாளுக்கான பாடம், நாம் ஏற்கெனவே பட்ட அனுபவத்தில் இருக்கிறது.

2020 மார்ச் மாத நடுவில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட குழந்தை, தன் வகுப்பறையில் ஒரு நாளும் அமராமலேயே இரண்டாம் வகுப்பிற்குச் சென்றது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 2019ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களும் துணை நின்றன. தனியார் பள்ளிகள் பல ஜூம், கூகுள் மீட் ஆகியவற்றின் வழியே வகுப்பெடுத்தன.

அந்த ஆண்டின் இறுதி நாளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வழக்கமாக, ஆண்டின் கடைசி நாள் என்பது தொடக்கப்பள்ளியில் ஒரு நிறைவு நாள். பிள்ளைகளின் நோட்டுகளைத் திருப்பிக் கொடுப்போம். படித்த பாடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் அழைத்துச் சென்று, "இவன் கணக்கில் கெட்டிக்காரன், எழுத்தில் மட்டும் சற்றுக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைப்போம். 2021இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவ்வாறு ஒப்படைக்க வழியில்லை. ஆசிரியர் அறிந்திருந்தது திரையில் ஒரு சிறு கட்டத்தையும், அவ்வப்போது அறுந்து அறுந்து வந்த ஒரு மழலைக் குரலையும் மட்டுமே.

பெரிய வகுப்பு மாணவர் தொலைவிலிருந்து கற்பதற்கும் சிறு பிள்ளை கற்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. பத்தாம் வகுப்பு மாணவருக்குப் படிக்கத் தெரியும். பாடத்தை அனுப்பினால் தாமே படித்துக்கொள்வார். ஆறு வயதுக் குழந்தையோ, படிக்கக் கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ளது. பென்சிலை எவ்வாறு பிடித்திருக்கிறது என்று அதன் விரலைப் பார்க்க வேண்டும். 'ல', 'ள', 'ழ' ஆகிய மூன்றையும் சொல்லும்போது நா எங்கே தொடுகிறது என்று வாயைப் பார்க்க வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். நம் மக்தபில் ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன் தனித்தனியே அமர்ந்து ஓதிக் காட்டுவதை நாம் அறிவோம். பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவதால்தான் அந்த ஓதல் நிலைக்கிறது. எழுத்தறிவிற்கும் அதுவே வழி. முப்பது பிள்ளைகள் ஒரே திரையில் கூடும்போது இந்தத் தனிக் கவனிப்பே முதலில் விடுபட்டுப் போகிறது.

இதனைக் கருத்திற்கொண்டே, மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டு நெறிகள் நேரத்திற்கு எல்லை வகுத்தன. மழலையர் வகுப்பிற்குப் பெற்றோருடன் உரையாட 30 நிமிடங்களுக்கு மிகாமலும், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமலும் நடத்துமாறு அவை பரிந்துரைத்தன. அப்படியாயின், நாளின் எஞ்சிய நேரத்தில் குழந்தையின் படிப்பு யார் கையில் இருக்கிறது? வீட்டில் உள்ள பெரியவர்கள் கையில்தான்.

அடுத்து, கருவி பற்றிய நிலவரம். கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் 'அசர்' அறிக்கையின்படி, பள்ளியில் பயிலும் பிள்ளைகளுள் வீட்டில் திறன்பேசி உள்ளவர்களின் அளவு 2018இல் 36.5 விழுக்காடாக இருந்து, 2021இல் 67.6 விழுக்காடாக உயர்ந்தது. எனினும், அவ்வாறு திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளிலும் 26.1 விழுக்காட்டினருக்கு அது படிப்பதற்குக் கிடைக்கவில்லை என்று அதே அறிக்கை கூறுகிறது. காரணத்தை நாம் அறிவோம். கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் திரும்பி வந்ததும் முதலில் அண்ணன் கைக்குப் போகும். கடைக்குட்டியின் முறை வரும்போது அது உறங்கியிருக்கும்.

இத்தகைய நிலையில் ஆண்டின் கடைசி வகுப்பை வீட்டில் நடத்த நேர்ந்தால் எவ்வாறு அமைப்பது? நாங்கள் பரிந்துரைக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

அன்றைய தினம் புதிய பாடம் எதுவும் வேண்டாம். காலை அமர்வில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, தனக்குப் பிடித்த பாடத்திலிருந்து நான்கு வரிகளைப் படிக்கச் செய்தல் போதும். பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து அழைத்தால், மற்றவர்கள் திரையின் முன் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதன்பின் திரையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே செய்யத்தக்க பணிகளைத் தரலாம். புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணுதல், சமையலறையில் எத்தனை குவளை அரிசி ஒரு பாத்திரத்தை நிரப்புகிறது என்று அளத்தல், அடுத்த ஆண்டு ஆசிரியருக்குத் தன்னைப் பற்றி மூன்று வரி எழுதுதல் ஆகியவை பொருத்தமானவை. மாலை அமர்வில் அந்த மூன்று வரிகளைப் பிள்ளைகள் படித்துக் காட்டிவிட்டு விடைபெறலாம். அந்தத் தாள், பள்ளி திறந்ததும் புதிய ஆசிரியரின் கையில் சேர வேண்டும்.

திறன்பேசி இல்லாத வீடுகளுக்குச் சாதாரணக் கைப்பேசியில் ஐந்து நிமிட அழைப்பு போதுமானது. அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை படிப்பதை ஆசிரியர் முழுமையாகக் கேட்டுவிட முடியும். பணித்தாளை முன்கூட்டியே வீட்டிற்கு அனுப்பிவிட வேண்டும்.

பெற்றோர்களிடம், குறிப்பாகத் தாய்மார்களிடம், ஒரு பணிவான வேண்டுகோள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் கைப்பேசிக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் விடையை எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் நடப்பதுண்டு. அது பிள்ளையின் மீதுள்ள அன்பினால் செய்வதே. ஆயினும், பிள்ளை தடுமாறும் இடத்தைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். நோயை மறைத்துவிட்டு மருத்துவரிடம் மருந்து கேட்க இயலாதல்லவா? பிள்ளை திக்கட்டும், தவறட்டும். நாங்கள் கேட்டுத் திருத்துவோம். அருகில் அமர்ந்திருங்கள், அதுவே பேருதவி.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2022இல் மூன்றாம் வகுப்பிற்கு வந்தனர். அவ்வாண்டின் 'அசர்' ஆய்வில், இந்தியக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 20.5 விழுக்காட்டினரே. 2018இல் இது 27.3 விழுக்காடாக இருந்தது. அதே பிள்ளைகள் 2024இல் ஐந்தாம் வகுப்பை அடைந்தபோது, அதே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 48.8 விழுக்காட்டினர். முன்னேற்றம் உண்டு, மகிழ்ச்சியே. ஆனால், தொடக்கக் கல்வியை முடிக்கும் நிலையில் பாதிப்பேருக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் திணறினர் என்பதும் அதனுள் அடங்கியுள்ளது. 2025–26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பிற்குச் சென்றவர்கள் இவர்களே. நம் மஹல்லாவிலும் இவ்வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இழப்பை ஈடுசெய்ய வழியுண்டு என்பதையும் கண்டோம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தமிழக அரசு தொடங்கி வைத்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்ற கணக்கில், மாலை வேளைகளில் அவர்கள் குடியிருப்பின் அருகிலேயே கற்பிக்கப்பட்டது. தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பிள்ளைக்கு அருகே அமர்ந்து, அது படிப்பதைக் கேட்பதற்கு ஒரு மனிதர் கிடைத்தார்; அவ்வளவே.

ஆகவே, ஜமாஅத் நிர்வாகத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவதாக, மஹல்லாவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைக் கல்விக் குழு தயாரித்து, எந்த வீட்டில் பகல் நேரத்தில் கைப்பேசி இருப்பதில்லை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். பள்ளி மூடப்படும் நாளில் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

இரண்டாவதாக, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கென ஐந்து பேருக்கு ஒருவர் வீதம், கல்லூரியில் பயிலும் நம் சகோதரிகளையும் இளைஞர்களையும் பொறுப்பாக்க வேண்டும். தொலைவழி வகுப்பு நாளில் அவர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுடன் அமர்ந்தால் போதும்.

மூன்றாவதாக, கோடை விடுமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் இருபது நிமிடம், பிள்ளை வாய்விட்டுப் படிக்க, வீட்டில் ஒருவர் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். கேட்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிடினும் குற்றமில்லை. பாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தாலே பேரப்பிள்ளை ஆர்வத்துடன் படிக்கும்.

வகுப்பு பள்ளியில் நடந்தாலும் வீட்டில் நடந்தாலும், ஆண்டின் இறுதி நாளில் எங்கள் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: இந்தப் பிள்ளை தன் புத்தகத்தைத் தானே படிக்கிறதா? அதற்கு "ஆம்" என்ற விடையை நாங்கள் மட்டும் தனியே பெற்றுத்தர இயலாது. உங்கள் வீட்டுத் திண்ணையும் உங்கள் இருபது நிமிடமும் எங்களுக்கு வேண்டும். அவற்றைத் தருவீர்கள் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறோம்.