கடல் கடந்த கிளைகள்
(திண்டிவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1860ஆம் ஆண்டு சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னுங் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை இந்தியர் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குச் சென்றனர். பெரும்பாலார் சென்னையிலேயே கப்பலேறினர்.

அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று முன்னோர் பிறந்த ஊரைத் தேடுகின்றனர். கப்பற் பதிவேட்டிற் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, வட்டம், ஊர் ஆகியன உள. எனினும் எழுத்தர் செவிக்கு எட்டியவாறே எழுதினமையின் ஊர்ப்பெயர்கள் பல சிதைந்தன. விழுப்புரமும் திண்டிவனமும் அந்நாளில் தென்னார்க்காட்டு வட்டங்கள். விழுப்புரம் மாவட்டம் 1993இலேயே அமைந்தது. இஃதறியாதார் வழி தவறுவர்.

பட்டத்தை மட்டுங் கொண்டு உறவு துணிதலும் ஆகாது. கவுண்டர் என்னும் பட்டம் இங்கும் உண்டு, கொங்கு நாட்டிலும் உண்டு, குலமோ வேறு. ஊரும் தந்தை பெயரும் குலதெய்வமும் ஒருங்கே ஒத்தல் வேண்டும்.

கடல் கடத்தலைக் குற்றமெனக் கருதினோர் முன்னாளில் இருந்தனர். அதனாற் குடிவழியிற் சொல்லாது விடப்பட்ட பெயர்களை நம் இல்லத்து மூதாட்டியர்பாற் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக. தேடி வருவார் வறியரேனும், வேற்றுச் சமயத்தரேனும், நம் மொழி மறந்தாரேனும், சான்று ஒத்தவிடத்து உறவென்றே ஏற்போமாக. அரச மரபு தேடும் நமக்குக் கரும்புக் கொல்லையில் உழைத்த பாட்டனும் பெருமையே.