மாரியும் பழைய காரும்

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே மட்டக்களப்பில் இன்னும் நிறையப் பழைய கார்கள் ஓடுகின்றன. மாரி தொடங்கினால் அவற்றில் ஒரே முறைப்பாடு: கால்மிதியில் ஈரம், ஹோன் தானாக அடிக்கிறது.

மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓடியபின் இடப்பக்கம் நனைகிறதா? ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம். மழைக்குப் பின் மட்டும் என்றால், முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற காரென்றால் சருகு பிடிபிடியாக வரும்! வடிகால் அடைபட்டால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். கதவின் அடிவிளிம்புத் துளைகளையும் குத்தி விடுங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமலே சிலிக்கன் பூசுவது வீண்செலவு. ஒருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் உள்ளே டோர்ச்சோடு இருந்தால் இடம் தெரிந்துவிடும்.

இனி மின்சாரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடி, காத்தான்குடிப் பக்கம் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. சிக்னல் போட்டால் மற்ற லைட்டும் சேர்ந்து மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் வயர் பொடியில் பூட்டிய இடம் துருப்பிடித்திருக்கும். பற்றரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, அந்த இடத்தை எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறதென்று 10 அம்பியர் இடத்தில் 30 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது பியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும்.