பேசாத பிள்ளை

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



பேசச் சொல்லிக் கேட்டபோது நமது கல்லூரியின் பழைய கதைகளைத்தான் சொல்ல நினைத்தேன். அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். விடுதிக் கதைகளை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இங்கிருந்து போன பிறகு நான் ஆசிரியையாக நின்ற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஆரம்பப் பாடசாலை. தரம் ஐந்து வரைதான்.

மலையகம் என்றதும் நம்மில் பலருக்கு ஹற்றனும் நுவரெலியாவும்தான் ஞாபகத்துக்கு வரும். சப்ரகமுவ வேறு மாதிரி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இடையிடையே சிங்களக் கிராமங்கள். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அடுத்த தோட்டத்துப் பிள்ளையைத் தெரியாது. இறப்பர் பால் வெட்டு விடியவே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே பிள்ளை எழும்பும்போது அம்மா மலையில் நிற்பாள். தலை வாரிவிட்டுப் பாடசாலைக்குக் கூட்டி வருவது அக்கா. அந்த அக்காவுக்கு வயது ஒன்பது!

தோட்டத்தில் பாடசாலை நடத்தவேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். அந்தப் பிந்துதலின் பலனை நான் போன காலத்திலும் பார்த்தேன்: ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இடையில் சுவர் கிடையாது.

1999இல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் நாடெங்கும் தரம் ஒன்றில் தொடங்கியது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் கலந்து படிப்பிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்திருந்ததும் பயிற்சி வகுப்புகளில் அடிபட்டது. தீர்மானம் எடுத்தல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், இப்படிப் பத்து. நானும் அழகாகக் குறிப்பெழுதிக்கொண்டு வந்தேன். என் வகுப்பில் ஒருத்தி வாயே திறக்கவில்லை.

தரம் மூன்று. பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு பேச்சைப் பாடமாக்க வைத்து மேடையில் ஏற்றினேன். இரண்டு நிமிடம் நின்றாள், அழுதாள், இறங்கிவிட்டாள். முன்னேற்ற அறிக்கையில் "பங்குபற்றுவதில்லை" என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சில வாரம் கழித்துச் சந்தையில் அவளைக் கண்டேன். அம்மாயியோடு வந்திருந்தாள். கிழவிக்குச் சிங்களம் வராது. கருவாட்டுக்காரரிடம் இவள்தான் பேசுகிறாள்: "முதலாளி, ரூபியல் தஹயக் அடு கரன்ன." பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறாள்! அவர் மறுத்தார். இவள் அடுத்த கடையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குறைத்தார். மிச்சக் காசை எண்ணி, அம்மாயியின் முந்தானையில் முடிந்துவிட்டாள். நான் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்த பத்தில் பாதிக்கு மேல் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்துவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கடை போட்டோம். வெற்று டின், இறப்பர் விதை, காட்போட் காசு. அவளை முதலாளி ஆக்கவில்லை. அவள் வாங்க வருகிறவள், விற்கிறவன் வகுப்பிலேயே வாயாடிப் பையன். அன்றைக்குத்தான் அவள் குரலை மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். இதைப் பார்த்த ஒரு மேலதிகாரி, "டீச்சர், புலமைப்பரிசில் பரீட்சைக்கு இதிலே கேள்வி வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. பெற்றாரும் அதைத்தான் கேட்டார்கள்.

எனக்கு விளங்க அதிக காலம் எடுத்த விஷயம் வேறொன்று. தரம் ஐந்து முடிந்து பெரிய பாடசாலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் ஆறாம் தரத்திலேயே நின்றுவிடுவார்கள். பஸ் காசு இல்லை, படிப்பு வரவில்லை என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். நின்றுபோன ஒருத்தியிடம் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டேன். "இடைவேளைக்கு யார்கூட சாப்பிடுறது டீச்சர்?" என்றாள்.

நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை அவள். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லை.

அதன் பிறகு பக்கத்துத் தோட்டங்களின் இரண்டு பாடசாலைகளோடு பேசி, மாதம் ஒருநாள் நாலாம், ஐந்தாம் தரப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. கிளித்தட்டு விளையாடுவார்கள், சோற்றுப் பார்சலைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் அடுத்த தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் பெயரும் வீட்டுக் கதையும் தெரிந்துகொண்டு வரவேண்டும். பேச்சுப் போட்டி வைக்கவில்லை. அதில் நான் பட்டது போதும். ஆறாம் தரத்துக்குப் போனபோது வாசலில் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள். எல்லோரும் நிலைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். சாப்பிட ஆளில்லை என்று ஒருவரும் அதற்குப் பிறகு என்னிடம் சொல்லவில்லை.

2020இல் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தச் சந்திப்பு நின்றது. பிறகு எரிபொருள் தட்டுப்பாடு. நானும் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே படிப்பிக்கும் இளம் ஆசிரியை மறுபடி தொடங்க விரும்புகிறாள். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான் கூலி, மதியச் சாப்பாடு, இவ்வளவுதான் செலவு.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தங்கைமார் ஒவ்வொரு முறையும் கொப்பியும் பென்சிலும் அனுப்புகிறீர்கள், நன்றி. அலுமாரியில் கொப்பி இருக்கிறது. இந்தமுறை வான் கூலி தாருங்கள். முடிந்தவர்கள் அந்த வானில் ஏறி வாருங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்தில் நிற்பேன்.