ஆங்கிலம் யாருக்கு?



ஆங்கிலத்தின்மீது எமக்குப் பகையில்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் எம் முன்னோர் அதனைக் கற்றனர், தமிழை இழந்தாரல்லர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றினார்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம், ஆங்கிலத்தை அகற்றிய இடத்திற் சிங்களத்தை மட்டும் இருத்திற்று. 1987இன் பதின்மூன்றாவது திருத்தமோ தமிழையும் அரசகரும மொழியென்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. எவரை எவரோடு இணைப்பதற்கு?

வன்னியில் ஒரு கமக்காரனின் மகளை எண்ணிப் பாருங்கள். மூன்றாந் தரந்தொட்டு அவளுக்கு ஆங்கிலம் ஒரு பாடம். பாடநூல் உண்டு, வாய்திறந்து பேசிக் கற்பிக்க வல்ல ஆசிரியர் உண்டா? வருபவரும் இடமாற்றம் பெற்றுப் பட்டினம் போய்விடுகிறார். உயர்தரம்வரை விஞ்ஞானத்தைத் தமிழிலே திறம்படக் கற்று, அவள் மருத்துவ பீடத்துள் நுழைகிறாள். அங்கே விரிவுரை முழுவதும் ஆங்கிலம்! உடற்கூற்றையும் மொழியையும் ஒரே வேளையிற் கற்க வேண்டும். பின்தங்கினால், பிள்ளைக்கு மூளை போதாதென்பார்கள். நல்ல நீதி!

2001இல் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆங்கில மொழிமூலம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆசிரியர் உள்ள இடத்துக்கே அதனாற் பயன். தமிழிற் பாடங்களைக் கற்கும் உரிமையை விட்டுக்கொடுத்து ஆங்கிலத்தை வாங்க நாம் ஒருப்படோம். கிராமப் பாடசாலைக்கு முதலில் ஆங்கில ஆசிரியரை அனுப்புங்கள். அவர் தங்க வீடும், கஷ்டப் பிரதேசப் படியும் கொடுங்கள். பரீட்சையில் எழுத்தைப்போலப் பேச்சையும் சோதியுங்கள். கல்வி அமைச்சின் செலவினம் விவாதத்துக்கு வரும் நாளில், வலயந்தோறும் எத்தனை ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் என்று எம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும்.