புதியன கண்டோர்க்குக் காப்புரிமை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அமெரிக்க நாட்டின் மிசிசிப்பியில் நெட் என்னும் கறுப்பின அடிமை, பருத்திச் சாகுபடிக்குப் பயன்படும் புதுக்கருவி ஒன்றைக் கண்டார். 1857இல் அவருடைய ஆண்டை தம் பெயரில் காப்புரிமை கோரினார். கண்டவர் அவர் அல்லர் என்று அலுவலகம் மறுத்தது. நெட்டுக்கோ, குடிமகன் அல்லர் என்பதால் உறுதிமொழி அளிக்கவும் தகுதியில்லை என்றனர். அடிமை கண்டதற்குக் காப்புரிமை இல்லை என 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் முடிவுரைத்தார். ஆண்டை கருவியைச் செய்து விற்றார்; நெட்டுக்கு எவ்வுரிமையும் கிட்டவில்லை. ஆனால் சுதந்திர மனிதராயிருந்த கறுப்பினத் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ், துணி தூய்மை செய்யும் முறைக்கு 1821இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இருவரையும் பிரித்தது அறிவன்று, உரிமையே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இன்று நம் நாட்டுச் சட்டம் பிறப்பைக் கேட்பதில்லை. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி உண்மையாக முதலிற் கண்டவர் எவரும் விண்ணப்பிக்கலாம். கண்டது புதிதாகவும், துறையறிந்தோர்க்கு எளிதில் தோன்றாததாகவும், தொழிலிற் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். முன்னோர் வழிவழியாகக் கையாண்ட முறைக்குக் காப்புரிமை இல்லை. அதில் நாம் செய்யும் புதிய மேம்பாட்டுக்கு உண்டு.

நம்மவர் தவறுவது ஓரிடத்தில். கருவி இயங்கியதும் மகிழ்ச்சியில் சந்தையிலும் பொருட்காட்சியிலும் காட்டிவிடுகிறோம். விண்ணப்பத்திற்கு முன் வெளிப்பட்டது பெரும்பாலும் புதுமையை இழந்துவிடும். ஆகவே முதலில் விண்ணப்பம், பின்னரே விளம்பரம். வேலை முற்றுப்பெறாவிடினும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து நாளைக் காத்துக்கொள்ளலாம். 12 திங்களுக்குள் வரைபடங்களோடு முழு விவரக்குறிப்பு அளித்தல் வேண்டும். எதற்கு உரிமை கோருகிறோம் என்னும் பகுதியே அதன் உயிர். அங்கு எழுதாதது நம்முடையதாகாது.

விண்ணப்பித்தால் மட்டும் போதாது. பரிசோதனையைத் தனியே கோருதல் வேண்டும். 2024ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி அதற்குக் காலம் 31 திங்கள். தனி மனிதர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாயும், பரிசோதனை கோர 4,000 ரூபாயும் கட்டணம். ஆட்சேபங்களுக்கு உரிய காலத்தில் விடையளித்தல் வேண்டும். கிடைத்த உரிமை, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள், புதுப்பிப்புக் கட்டணம் செலுத்திவரின், இந்நாட்டில் நிற்கும்.

இளைஞர்களே! பட்டறையிலும் வயலிலும் உழைக்கும் நம் பெற்றோர் கண்ட புதுமைகள் எத்தனையோ பிறர் பெயரில் விலையாகியிருக்கக்கூடும். அவற்றை எழுதவும் வரையவும் கற்ற பிள்ளை வீட்டுக்கு ஒருவர் எழுந்தால், இச்சங்கம் புகட்டிய கல்வி பயன் பெற்றதாகும்.